கதவடிக் கதிரை

எங்கள் பல்கலைக்கழக வளாகத்தில் ஊழியர்களுக்கென்று ஒரு நலநிலையம் திறக்கப் போகிறார்கள். அதைப் பற்றிப் பேச இரண்டு பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். இருவரும் உதவிப் பதிவாளர்கள். நான் ஓய்வு பெற்ற பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்கள். உடற்பயிற்சிக்கு ஒரு கூடம், உளவளத் துணைக்கு ஓர் அறை, சிங்களமும் ஆங்கிலமும் கணினியும் படிக்க வகுப்புகள் என்று கைத்தொலைபேசியில் ஒவ்வொரு படமாகக் காட்டினார்கள். உண்மையிலேயே நல்ல ஏற்பாடு.

“நீங்கள்தானே சேர் இதை முதல் தொடங்கின ஆள்,” என்றார் அவர்களில் பெண் அதிகாரி. “பழைய ஆக்கள் எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுகினம். திறப்புவிழா மலருக்கு ஒரு கட்டுரை தாங்கோ. உங்கட படத்தையும் வாசல் சுவரில மாட்டப் போறம்.”

“படம் வேண்டாம் பிள்ளை.”

“ஏன் சேர், நல்ல படம் இல்லையோ? ஒண்டைத் தாங்கோ, கொம்பியூட்டரில கொஞ்சம் வெள்ளையாக்கி விடுறம்,” என்றார் மற்றவர்.

மூவரும் சிரித்தோம். கட்டுரை தருவதாகச் சொல்லி அனுப்பினேன். இதுதான் அந்தக் கட்டுரை. இதை வாசித்த பிறகும் படம் வேண்டுமா என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும்.

நான் திருகோணமலை நகரத்தில் பிறந்தவன். தகப்பனார் துறைமுகக் கந்தோரில் எழுதுவினைஞர். மலைநாட்டில் பட்டப்படிப்பை முடித்து, சில காலம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து, பிறகு வளாகத்தில் எழுதுவினைஞராகச் சேர்ந்தேன். பரீட்சைகள் எழுதி உதவிப் பதிவாளரானேன். அந்த வருடங்களில் கோப்பு கட்டப் பழகினேன். மேலதிகாரி கேட்காத கேள்விக்குப் பதில் எழுதாமல் இருக்கப் பழகினேன். வெளியே வெடிச்சத்தம் கேட்டால் யன்னலைச் சாத்திவிட்டு எழுதிக்கொண்டிருந்த வரியைத் தொடரவும் பழகினேன். எங்கள் நிருவாகக் கந்தோர் அப்போது ஓர்ஸ் ஹில்லில், உள்துறைமுகத்தைப் பார்த்தபடி நின்ற ஒரு பழைய கட்டடத்தில் இருந்தது. ஆய்வுகூடமும் அதே வளவில்தான்.

‘ஊழியர் நலனும் பயிற்சியும்’ என்ற விடயம் எவரும் விரும்பாதது. அதனால் என்னிடம் வந்தது. சண்டைக் காலத்தில் ஊழியர் நலன் என்றால் என்ன என்று எனக்கே தெளிவில்லை. காலையில் சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி வருவார்கள். பகலில் நகரத்தில் ஏதாவது நடந்தால் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் எடுக்க ஓடுவார்கள். அடுத்த நாள் வந்து எதுவும் நடக்காதது போலக் கதிரையில் இருப்பார்கள். ஒரு நாள் சம்பளப் பிரிவில் ஒரு பெண் தட்டச்சு இயந்திரத்தின் மேலேயே மயங்கி விழுந்தார். அதற்குப் பிறகு நான் விடாமல் கேட்டு, பின்கட்டில் பழைய சாமான்கள் அடைந்து கிடந்த அறையை வாங்கினேன். ஒரு கட்டில், ஒரு மின்விசிறி, ஒரு தண்ணீர்ப் பானை. வாசலில் ‘ஓய்வறை’ என்று எழுதி வைத்தேன். அன்றிலிருந்து என் பெயர் ‘நலம் சேர்’ ஆகிவிட்டது.

அந்தப் பெயரை வைத்தவர் யோகநாதன். ஆய்வுகூட உதவியாளர். சொந்த ஊர் சம்பூர். வேலை நாட்களில் நகரத்தில் ஓர் அறையில் தங்கி, வார இறுதியில் கடல் கடந்து மூதூர் போகும் லாஞ்சிப் படகில் வீட்டுக்குப் போய்வருவார். வீட்டில் தாயும் மனைவி பவளமும் சிறிய மகளும். குடாவுக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள்.

“நலம் சேர், அறை திறந்தது நல்ல விசயம்,” என்றார் கன்ரீனில் எல்லாருக்கும் கேட்க. “ஆனால் இந்த வடைக்குள்ள கொஞ்சம் பருப்பு வந்தால் பாதிச் சனத்துக்கு அந்தக் கட்டிலே தேவைப்படாது.”

கன்ரீன் முதலாளி உட்பட எல்லாரும் சிரித்தார்கள். யோகநாதன் இருக்கும் இடத்தில் அப்படித்தான் இருக்கும். திங்கட்கிழமைகளில் அவர் எனக்கு ஒரு சட்டி எருமைத் தயிர் கொண்டுவருவார். தாய் கொடுத்துவிட்டது. அதோடு ஒவ்வொரு முறையும் ஒரே செய்தி வரும்.

“அம்மா சொல்லச் சொன்னவ, என்ட பிள்ளையைக் கண்ணாடிப் போத்தல் கழுவவே வச்சிருக்க வேண்டாமாம். மேல ஏத்தி விடட்டாமாம்.”

“தயிர் நல்லாயிருக்கு எண்டு சொல்லுங்கோ.”

“அது சொல்லத் தேவையில்லை சேர். வெறும் சட்டி திரும்பிப் போகுதெல்லோ.”

நான் அந்தத் தாயை ஒரு நாளும் நேரில் கண்டதில்லை. அவர் கையால் உறைய வைத்த தயிரை வருடக்கணக்காகச் சாப்பிட்டிருக்கிறேன்.

பயிற்சி என்றால் அன்று கொழும்புதான். கணினி, நூலகம், ஆய்வுகூடக் கருவிகள், எதைப் படிப்பதென்றாலும் அங்கே போக வேண்டும். எங்கள் தட்டச்சாளர் மேரி ரஞ்சினியை ஒரு கணினிப் பயிற்சிக்கு நான்தான் அனுப்பினேன். அவர் தங்கியிருந்த விடுதியைச் சோதனையிட வந்தவர்கள், திருகோணமலை அடையாள அட்டையோடு ஏன் இங்கே நிற்கிறீர் என்று கேட்டு, பொலிஸ் நிலைய வாங்குப் பலகையில் பகல் முழுக்க இருத்தி வைத்தார்கள். திரும்பி வந்து என் மேசைக்கு முன்னால் நின்று சொன்னார்:

“கொம்பியூட்டர் படிக்கப் போனனான் சேர். நான் ஆர் எண்டு சிங்களத்தில சொல்லத்தான் படிச்சுக்கொண்டு வந்தனான்.”

பயிற்சி இனித் திருகோணமலைக்கு வரவேண்டும், இவர்கள் அங்கே போகக்கூடாது என்று அன்று முடிவெடுத்தேன். பிழையான முடிவில்லை என்று இன்றும் நினைக்கிறேன். பிறகு நடந்ததற்கு அந்த முடிவு காரணமில்லை.

இந்த இடத்தில் எங்கள் துணைப் பதிவாளர் கனகரட்ணம் அவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளை நீளக் காற்சட்டை, வெள்ளைச் சேர்ட், எப்போதும் தாழ்ந்த குரல். எவருக்கும் இல்லை என்று சொல்லமாட்டார். கோரிக்கையோடு போனால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “நீர் என்ன நினைக்கிறீர்?” என்று கேட்பார். நீங்கள் நினைப்பதைச் சொல்வீர்கள். “வேறென்ன யோசிச்சீர்?” என்பார். அதையும் சொல்வீர்கள். கடைசியில் உங்கள் கோரிக்கையில் இருக்கும் குறையை நீங்களே கண்டுபிடித்து, அதை நீங்களே மறுத்துவிட்டு, அவருக்கு நன்றி சொல்லி வெளியே வருவீர்கள். அவர் ஒருவருக்கும் கெட்ட மனிதராக இருந்ததில்லை.

திருகோணமலையில் பயிற்சி நடத்த அவர் சம்மதித்தார். ஆனால் ஓர் ஏற்பாடு சொன்னார். கொழும்புப் பயிற்சிகளில் காலையில் கையெழுத்து வைத்துவிட்டுப் புறக்கோட்டைக்குப் புடைவை வாங்கப் போகிறவர்களை அவர் கண்டிருந்தார். ஆகவே பயிற்சி நடக்கும்போது கதவைச் சாத்த வேண்டும். சாத்திய கதவோடு ஒட்டி ஒரு கதிரை போட வேண்டும். ஏற்பாட்டாளர் அதில் இருக்க வேண்டும். வெளியே போக விரும்புகிறவர் ஏற்பாட்டாளரைக் கதிரையிலிருந்து எழுப்பித்தான் போகலாம்.

“மனிசருக்கு ஒருவரை எழுப்பிறதுக்குக் கூச்சம் இருக்கு,” என்றார். “அந்தக் கூச்சம் காணும். பூட்டுத் தேவையில்லை.”

அது நன்றாக வேலை செய்தது. ஊழியர்கள் அதைக் கதவடிக் கதிரை என்று கேலி செய்தார்கள். “நலம் சேர் அடை காக்கிறார்” என்பார்கள். ஆனால் எவரும் என்னை எழுப்பிக்கொண்டு போனதில்லை. அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

நான் யோகநாதன் பெயரைச் சேர்த்த பயிற்சி, சண்டை முற்றிச் சம்பூர்ச் சனம் ஊரைவிட்டு இடம்பெயர்ந்த வருடத்தில் நடந்தது. ஆய்வுகூடத்திலேயே நடந்த ஒரு வார காலப் பயிற்சி. முற்பகலில் ஆய்வுகூடப் பாதுகாப்பு, பிற்பகலில் மன அழுத்தத்தைச் சமாளிக்கும் வழிகள். இரண்டையும் சேர்த்து ஒரே சான்றிதழ். அதை வைத்திருப்பவர்கள் தொழில்நுட்ப உத்தியோகத்தர் பதவிக்கான நேர்முகப் பரீட்சைக்குத் தோற்றலாம். யோகநாதனின் வயதில் அது அவருக்குக் கடைசி வாய்ப்பு என்றே சொல்லலாம். கடைசி நேரம்வரை இருந்தால்தான் சான்றிதழ். குறிப்பிட்ட அளவு ஆட்கள் கடைசிவரை இருந்தால்தான் அந்தப் பயிற்சியையே தலைமைக் காரியாலயம் ஏற்கும். ஏற்றால் இனிவரும் பயிற்சிகளும் திருகோணமலைக்கே வரும். ஏற்காவிட்டால் மறுபடி கொழும்பு. இடையில் இரண்டொருவர் காய்ச்சலாலும் வீட்டுப் பிரச்சினையாலும் நின்றுவிட்டார்கள். கடைசி நாள் வந்தபோது, இன்னும் ஒருவர் குறைந்தாலும் பயிற்சி செல்லாது என்ற நிலை.

அன்று முற்பகலிலேயே பீரங்கிச் சத்தம் தொடங்கிவிட்டது. அக்கரையில், சம்பூர்ப் பக்கம் போய் விழுகிறது என்று எல்லாருக்கும் தெரியும். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஆய்வுகூட அலுமாரியில் குடுவைகள் ஒன்றோடொன்று முட்டிக் கிணுகிணுத்தன. தேநீர் இடைவேளையில் யோகநாதன் பழைய பத்திரிகைத் தாள்களைக் கிழித்துக் கசக்கி, குடுவைகளுக்கு நடுவே செருகிக்கொண்டிருந்தார். வழமையாக ஏதாவது பகிடி சொல்லிக்கொண்டு செய்கிற மனிதர். அன்று தாளிலேயே கண்ணாக இருந்தார்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் துறைமுகத்தடிக்குப் போய்வந்தார். நான் கதவைச் சாத்திக் கதிரையைப் போட்டு இருந்த பிறகு, தோளில் பையோடு என் முன்னால் வந்து நின்றார்.

“சேர், நான் வெளிக்கிடப் போறன்.”

“எங்க?”

“வீட்ட. பின்னேர லாஞ்சி போகுதாம். காலமை மூதூரில இருந்து வந்த ஒருத்தரைக் கண்டனான். எங்கட பக்கம் சனம் மூட்டை கட்டுதாம். அம்மாவுக்கு முழங்கால் ஏலாது சேர். மனிசி தனிய, அவவையும் பிள்ளையையும் கொண்டு போகமாட்டா.”

“இன்னும் ஒரு நேரம்தானே தம்பி. இதோட சேர்டிபிக்கட். பிறகு இன்டர்வியூ. உங்கட அம்மா இவ்வளவு காலமும் சொல்லி அனுப்பினது இதைத்தானே?”

“அம்மா இருந்தால்தானே சேர்.”

அவர் கைகள் நடுங்கின. நான் அதைப் பார்த்தேன். பார்த்ததை அவருக்கு எதிராகவே பயன்படுத்தினேன்.

“பாருங்கோ, நடுங்கிக்கொண்டு நிக்கிறீங்கள். இந்த நிலையில கடல்ல போறது சரியில்லை. கொழும்பில இருந்து வந்த மிஸ் இப்ப சொல்லித் தரப்போறது உங்களை மாதிரி ஆக்களுக்காகத்தான். இருந்து மனத்தை ஆத்திக்கொண்டு நாளைக்குக் காலமை முதல் லாஞ்சில போங்கோ. லீவு நான் போட்டுத் தாறன்.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கதிரையைப் பார்த்தார்.

“சேர், கொஞ்சம் எழும்புங்கோவன்,” என்றார் மெல்ல.

நான் எழும்பவில்லை. அவர் கையைப் பிடித்துத் தட்டிக் கொடுத்து, “போய் இருங்கோ தம்பி,” என்றேன். கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் என்னைத் தள்ளிவிட்டுப் போயிருப்பார். நான் அன்பாகச் சொன்னேன். அவர் பையைச் சுவரோரம் வைத்துவிட்டுத் மூச்சுப் பயிற்சிக்காக நிலத்தில் விரித்திருந்த தன் பாயில் போய் இருந்தார்.

பயிற்றுநர் ஜெசிந்தா என்ற அம்மையார். கொழும்பிலிருந்து வந்த உளவள ஆலோசகர், மென்மையானவர், எங்கள் சூழ்நிலை முழுவதும் அறியாதவர். அவர் என்னிடம் வந்து தாழ்ந்த குரலில் கேட்டார்: “அவர் எங்கேயாவது போகணுமா? அவசரம்னா போகட்டுமே.”

“ஒண்டுமில்லை மிஸ். சத்தத்துக்குக் கொஞ்சம் பயந்திட்டார். இருந்தால் சரியாகியிடும்,” என்றேன்.

நான் சொன்னது பொய். இதுவரை நான் எவரிடமும் சொல்லாதது இதுதான். கதிரையில் இருந்தேன் என்பது அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். அந்தப் பொய் எனக்கு மட்டுமே தெரியும்.

பயிற்சி தொடங்கியது. எல்லாரும் பாயில் நிமிர்ந்து இருந்து கண்ணை மூடினார்கள். மூச்சை மெல்ல உள்ளே இழுக்கச் சொன்னார். மெல்ல விடச் சொன்னார். வெளியே கேட்கும் சத்தங்களோடு சண்டை பிடிக்காமல் அவற்றை வந்து போக விடச் சொன்னார். பிறகு, மனத்துக்கு நிம்மதி தரும் ஓர் இடத்தை நினைத்து அங்கே போய் நில்லுங்கள் என்றார். மின்சாரம் நின்று விசிறி மெதுவாக ஓய்ந்தது. அக்கரையில் குண்டு விழுந்து அலுமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. குடுவைகள் சத்தம் போடவில்லை. யோகநாதன் நடுவே வைத்த தாள்கள் தாங்கிக்கொண்டன.

அந்த அறையில் கண்ணைத் திறந்திருந்தவன் நான் மட்டும்தான். நான் இருந்த இடத்திலிருந்து யன்னல் வழியே உள்துறைமுகம் தெரியும். மூதூர் லாஞ்சி துறையிலிருந்து விலகித் திரும்பி, குடாவை நோக்கிப் போனதைப் பார்த்தேன். மேல்தட்டில் ஆட்கள் குறைவு. இடம் இருந்தது. அது மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். யோகநாதன் கண்ணை மூடியபடி, சொன்ன மாதிரியே மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் காலையில் லாஞ்சி ஓடவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. தரைவழிப் பாதையும் மூடப்பட்டது. யோகநாதன் தினமும் பையோடு துறைக்குப் போய், அங்கிருந்து பையோடு வேலைக்கு வருவார். சம்பூர்ச் சனம் தெற்கே ஈச்சிலம்பற்றுக்கும், அங்கிருந்து வெருகலைக் கடந்து வாகரைக்கும் போய்க்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டோம். எவர் உயிரோடு இருக்கிறார் என்று கேட்க வழியில்லை.

மாதங்கள் போன பிறகு ஒரு நாள் என் அறைத் தொலைபேசிக்கு மட்டக்களப்புப் பக்கத்து முகாம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. பவளம் பேசினார். ஆளனுப்பி யோகநாதனைக் கூப்பிட்டேன். அவர் நின்றபடியே கேட்டார். “பிள்ளை சாப்பிடுதோ?” என்று ஒருமுறை கேட்டார். பிறகு, “எந்த இடத்தில?” என்றார். பிறகு, “அடையாளம் ஏதும் வச்சனீங்களோ?” என்றார். ரிசீவரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“அம்மா இல்லையாம் சேர். நடக்க ஏலாமல் ஒரு மரத்தடியில இருந்திட்டாவாம். சனம் போய்க்கொண்டிருந்ததாம். மனிசி பிள்ளையையும் வச்சுக்கொண்டு அவவைத் தூக்கப் பாத்தவவாம். ஏலேல்லையாம். ரெண்டு நாள் கூடவே இருந்தவை. வாகரைக்கு இந்தப் பக்கமாம். இடம் சரியா அவவுக்குத் தெரியேல்லை.”

நான் எழும்பி அவர் தோளைப் பிடித்தேன். “போய் ஓய்வறையில கொஞ்சம் படுங்கோ தம்பி,” என்றேன்.

“படுக்க ஏலாது சேர். எழும்பி நிண்டால்தான் கொஞ்சம் ஏலுது,” என்று சொல்லி ஆய்வுகூடத்துக்குப் போனார்.

அன்று கனகரட்ணம் அவர்களிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன், என் பொய்யைத் தவிர. அவர் கண்ணாடியைத் துடைத்தார்.

“நீர் என்ன நினைக்கிறீர்?”

“என்ன நினைக்கிறது சேர். உங்கட ஏற்பாடுதானே அந்தக் கதிரை.”

இப்படி அவரிடம் எவரும் பேசியதில்லை. நீண்ட நேரம் துடைத்துக்கொண்டேயிருந்தார். பிறகு கண்ணாடி போடாத கண்களால் என்னைப் பார்த்தார்.

“கதிரையைப் போடச் சொன்னனான். எழும்ப வேண்டாமெண்டு சொன்னனானோ?”

அவர் தப்பித்துக்கொண்டார் என்று பல வருடங்கள் கோபமாக இருந்தேன். அவர் தப்பித்துக்கொண்டார்தான். ஆனால் சொன்னது சரி.

பயிற்சியைத் தலைமைக் காரியாலயம் ஏற்றுக்கொண்டது. அதற்குப் பிறகு பயிற்சிகள் திருகோணமலைக்கே வந்தன. மேரி ரஞ்சினி அவற்றில் படித்து முகாமைத்துவ உதவியாளராக உயர்ந்தார். இன்னும் பலர் உயர்ந்தார்கள். எனக்கும் பதவியுயர்வு கிடைத்தது. இவையெல்லாம் உண்மை. நான் தொடங்கியவன் என்று சொல்கிறவர்கள் இவற்றை வைத்துத்தான் சொல்கிறார்கள்.

யோகநாதன் சான்றிதழை வாங்கவில்லை.

“இதில உங்கட பேர் இருக்குத் தம்பி,” என்றேன்.

“அதுதான் சேர் வேண்டாம்.”

நேர்முகப் பரீட்சைக்கும் அவர் போகவில்லை. பிறகு ஒவ்வொரு பயிற்சிக்கும் நானே அவரிடம் போய்க் கேட்பேன். மரியாதையாகவே மறுப்பார். “வேற பிள்ளையளை அனுப்புங்கோ சேர்.” கதவு சாத்திய எந்த அறைக்குள்ளும் அவர் பிறகு வந்து இருந்ததில்லை. ஆய்வுகூட உதவியாளராகவே இருந்து அதே பதவியில் ஓய்வு பெற்றார். என்னோடு முகம் கொடுத்துத்தான் பேசினார். பகிடி மட்டும் சொல்வதில்லை. தயிரும் வரவில்லை, தயிர் உறைய வைக்க அங்கே ஆள் இல்லை.

ஆறுதல் சொல்ல எனக்கு நிறையப் பேர் இருந்தார்கள். “அவர் போயிருந்தால் அவரும் அந்தச் சனத்தோட அகப்பட்டிருப்பார். நீங்கள் காப்பாத்தினீங்கள் எண்டு நினையுங்கோ,” என்றார் மேரி ரஞ்சினி. மனைவியும் அதையே சொன்னார். நானும் அப்படியே நினைத்துக்கொண்டேன். நினைக்க வசதியாக இருந்தது. என் பிரியாவிடைக் கூட்டத்தில், அந்தக் கொடிய காலத்தில் எங்கள் பயிற்சி அறைகள் ஊழியர்களுக்குப் புகலிடமாக இருந்தன என்று பேசினேன். கடைசி வரிசையில் யோகநாதன் இருந்தார். எல்லாரோடும் சேர்ந்து கைதட்டினார்.

அந்த இரண்டு அதிகாரிகளும் மலருக்குக் கட்டுரை கேட்டுப் போன பிறகு எனக்கு எழுத வரவில்லை. ஒரு காலை மூதூர் பஸ் ஏறினேன். இப்போது லாஞ்சி தேவையில்லை, பாலங்கள் இருக்கின்றன. அன்று கடலால் பிரிந்து கிடந்த ஊர், ஒரு தூக்கம் போட்டு விழிப்பதற்குள் வந்துவிடுகிறது. மூதூரில் இறங்கி வேறு பஸ் பிடித்துச் சம்பூருக்குப் போனேன். யோகநாதன் மீளக்குடியேறித் தன் பழைய வளவிலேயே சிறிய கல்வீடு கட்டியிருந்தார். மகள் கந்தளாயில் ஆசிரியை. அவரும் பவளமும் மட்டும் வீட்டில்.

என்னைக் கண்டதும் வேலிக் கடப்பைத் திறந்துகொண்டு வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது.

“நலம் சேர்! என்ன இந்தப் பக்கம்? கன்ரீன் வடைக்குள்ள பருப்பு வந்திட்டுதாமோ?”

அத்தனை வருடங்களுக்குப் பிறகு அந்தப் பகிடி. என்னால் சிரிக்க முடியவில்லை. வேப்பமரத்தடியில் இரண்டு பிளாஸ்ரிக் கதிரை போட்டார். பவளம் தேத்தண்ணீர் தந்துவிட்டு உள்ளே போனார். புதிய நலநிலையத்தைப் பற்றிச் சொன்னேன்.

“நல்லது சேர். பிள்ளையளுக்குத் தேவைதான்,” என்றார்.

பிறகு நான் வந்த விடயத்தைச் சொன்னேன். ஆட்கள் குறைந்தால் பயிற்சி செல்லாது என்று நான் பயந்ததைச் சொன்னேன். லாஞ்சி போவதைப் பார்த்துக்கொண்டிருந்ததைச் சொன்னேன். கடைசியாக ஜெசிந்தா அம்மையாரிடம் சொன்ன பொய்யைச் சொன்னேன். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

“மிஸ் கேட்டவவோ?”

“ஓம்.”

“சொல்லியிருந்தால் அவ விட்டிருப்பாவோ?”

“விட்டிருப்பா.”

அவர் காலடியில் கிடந்த வேப்பம்பழங்களைப் பொறுக்கி ஓரமாகப் போட்டார்.

“அண்டைக்கு மிஸ் நிம்மதியான இடம் ஒண்டை நினைக்கச் சொன்னவ எல்லோ,” என்றார். “நான் இந்த முத்தத்தைத்தான் நினைச்சனான். அம்மா இந்த வேம்புக்குக் கீழ இருந்து தயிர்ச் சட்டி கழுவிக்கொண்டிருந்தவ. நான் கூப்பிட்டனான். அவ நிமிரேல்லை. திரும்பக் கூப்பிட, மிஸ் கண்ணைத் திறக்கச் சொல்லிப்போட்டா.”

“நான் எழும்பியிருக்க வேணும் தம்பி,” என்றேன்.

மற்றவர்களைப் போல அவரும் ஏதாவது சொல்லித் தேற்றுவார் என்று என் மனம் எதிர்பார்த்தது. அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

“ஓம் சேர்,” என்றார்.

பவளம் வந்து வெறும் கோப்பைகளை எடுத்துப் போனார். யோகநாதன் வீதிப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

“பஸ் வரப்போகுது சேர். இதை விட்டால் இண்டைக்கு வேற இல்லை. வீட்டில தேடுவினம்,” என்று சொல்லி எழுந்து வந்து, ஒரு கையால் என் கதிரையைப் பின்னால் இழுத்து, மற்றக் கையை எனக்குத் தந்தார். “எழும்புங்கோ.”

அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு எழும்பினேன்.